சுவரின் உள்பக்கம்

அமலோற்பவம் சாளை மீனை அலசிக்கொண்டிருந்தபோது டிரில்லிங் மெஷினின் முனை சுவரைத் துளைத்து, சர்ச் காலண்டரையும் கிழித்துக்கொண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. அது பின்வாங்கியதும் அதே ஓட்டை வழியாக ஒரு போல்ட் வந்து நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே இன்னும் மூன்று. மீன் கையோடு ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே சாரத்தில் நின்ற ஆள், கீழ்த்தளத்து ஜவுளிக்கடைப் பெயரின் முதல் எழுத்தை, ஆளுயரத் தகர எழுத்தை, தோளால் முட்டுக்கொடுத்தபடி ஒரு பையை நீட்டினார்.

"அக்கா, ஹாலோ பிளாக் சுவரு, ஸ்க்ரூ நிக்காது. உள்பக்கமா இந்த நட்ட மாட்டி முடுக்கி விடுங்களேன்."

"யாரக் கேட்டு என் வீட்டுச் செவத்துல ஓட்ட போட்டிய?"

"மாடியும் நம்மதுதான்னு மொதலாளி சொன்னாவளே."

அவள் நகையை விற்று வாங்கிய மாடி. அந்த முதலாளி, நேற்றுகூடப் படியில் அவளைப் பார்த்து, 'நல்லா இருக்கியளா?' என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுப் போன மனுஷன்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே அவர் தெருவில் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து எழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பையை வாங்கி, நட்டுகளை முந்தானையில் கொட்டி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, தோள் கடுக்குது. விட்டா விழுந்துரும்."

"நீங்க எறங்குங்க தம்பி. ஒங்க மொதலாளி ஏறி வந்து பிடிச்சிட்டு நிக்கட்டும்."