எறும்பின் மேல் போட்ட பழி

"இந்தப் பொறிவண்டோட எச்சத்துல அசுவினிப் பூச்சியோட மரபணுவே இல்ல சார். கண்ணாடி இறக்கைப் பூச்சி முட்டையோடதுதான் இருக்கு," என்று ஆய்வுக்கூடத்துப் பெண் சொன்னது, வலைக்கூண்டுக்குள் இருந்த பொறிவண்டின் காதில் விழுந்தது.

முட்டைகள் காணாமல் போன அன்று, "எறும்பு வேலைதான் அக்கா," என்று கண்ணாடி இறக்கைப் பூச்சியோடு சேர்ந்து அழுததே இந்தப் பொறிவண்டுதான்.

அக்கா இப்போது இலையடியில் புதிதாக நாலு முட்டைகளை இழையில் தொங்கவிட்டிருந்தாள்.

"பசியாறிட்டு வந்துடுறேன் தங்கச்சி. இதைப் பார்த்துக்க. உன்னை விட்டா எனக்கு யாரு?"

பொறிவண்டுக்குத் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு எறும்பு வரல அக்கா. நான்தான்."

அக்கா முட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

பொறிவண்டு தண்டு வழியே இறங்கி, அந்தப் பெண் கூண்டுக்குள் நீட்டிய சோதனைக் குழாய்க்குள் தானாகவே போய் உட்கார்ந்தது.