சோதனைப் பதிவு

செத்துப்போனவர் என்று குறிக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. குழாய்க்காரன் தன் அப்பாவின் பெயரைப் போட்டான்.

ஆஸ்பத்திரிக் கணினி அறையில் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர்தான். தண்ணீர்க் குழாய் அல்ல. ஒரு கணினியில் பதிவாகும் தகவலை உருவி இன்னொரு கணினிக்கு ஓடவிடுகிற வேலை.

இந்தத் தடவை ஓட வேண்டியது சாவுச் செய்தி.

வார்டில் ஒருவர் இறந்தால் நர்ஸ் அதைப் பதிவு செய்வார். அடுத்த நிமிடமே கீழ்த்தளத்து போன் மேசையின் பணிப் பலகையில் ‘வீட்டுக்குச் சொல்லவும்’ என்று ஓர் அட்டை ஏற வேண்டும். அங்கே மூன்று பெண்கள். யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் மேலே இருக்கும் அட்டையை எடுத்து, அதிலுள்ள நம்பரை அழுத்தி, சொல்லி முடித்து, நடந்ததை ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார்.

இதுவரை எல்லாம் துண்டுச்சீட்டுதான். போன வாரம் ஒரு சீட்டு தொலைந்துபோய், ஒரு பெண் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து காலிக் கட்டிலின் முன்னால் நின்றாள். அன்றிலிருந்து மேனேஜர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறார்.

“பொம்மைப் பேரெல்லாம் வச்சு எங்கிட்ட படம் காட்டாதீங்க. நிஜப் பதிவுல ஓட்டிக் காட்டுங்க.”

ஓட்டப்போவது நிஜப் பதிவின் நகலைத்தான். போய்ச் சேர்வதும் பயிற்சிப் பலகைக்கு. அதை ஒருவரும் பார்ப்பதில்லை. இருந்தாலும் ஊரான் வீட்டு மனிதரைச் சாகடிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அப்பா இரண்டாவது மாடியில் இருந்தார். பித்தப்பைக் கல்லை எடுத்து மூன்று நாளாகிறது. பக்கத்துக் கட்டில்காரரோடு சத்தமாக அரசியல் பேசி நர்ஸிடம் திட்டு வாங்குகிற அளவுக்குத் தேறிவிட்டார். செத்ததாகச் செய்தி பரவினால் ஆயுசு கெட்டி என்பார்கள். சாயங்காலம் சொன்னால் தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பார்.

நெருங்கிய உறவு என்ற இடத்தில் அம்மா. நம்பரும் அம்மாவுடையது.

மூன்று ராத்திரி வார்டு பெஞ்சில் விழித்திருந்தவளை, உன் இதயம் இருக்கிற லட்சணத்துக்கு இது ஆகாது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு என்று அன்று காலை அவன்தான் வீட்டுக்கு விரட்டியிருந்தான். படுத்திருக்க மாட்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள்.

மேனேஜர் இருக்கும்போது போன் அடித்தால் அவருக்கு ஆகாது. குழாய்க்காரன் தன் போனின் வாயை அடைத்து இழுப்பறையில் போட்டான். பத்து நாற்பதுக்குப் பொத்தானை அழுத்தினான்.

பதில் இல்லை.

அதற்கும் வழி செய்து வைத்திருந்தான். முப்பது நொடிக்குள் ‘கிடைத்தது’ என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராவிட்டால், தானாகவே மறுபடி அனுப்பும். மொத்தம் மூன்று தரம். சாவுச் செய்தி தவறிப்போகக் கூடாது, பாருங்கள். அந்த ஏற்பாட்டில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்று தரமும் பதில் இல்லை. பயிற்சிப் பலகை துடைத்து வைத்த மாதிரி கிடந்தது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், இதற்குத் துண்டுச்சீட்டே தேவலை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது.

கோளாறைத் தேட முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆயிரம் வரிகளைத் துழாவினான். கிடைத்தது முதல் வரியிலேயே.

முகவரி. வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க நேற்று நிஜப் பலகையின் முகவரியைப் போட்டவன், அதைத் திருப்பி மாற்ற மறந்திருந்தான். நிஜப் பலகையில் காலை நேரத்து நெரிசல். அது அனுப்பியதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது. பதில் சொல்லத்தான் தாமதித்தது.

அவன் நிஜப் பலகையைத் திறந்தான். அப்பாவின் பெயரில் மூன்று அட்டைகள் இருந்தன. மூன்றிலும் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது, மூன்று பெண்களும் ஆளுக்கொன்றாக.

10.43. ‘மனைவியிடம் சொல்லப்பட்டது. அழுதார். மகன் இங்கேதான் வேலை பார்க்கிறானாம். அவன் வாயால் கேட்டால்தான் நம்புவேன் என்றார்.’

10.49. ‘மனைவி. மகன் போனை எடுக்கவில்லை என்றார். வேறு யாராவதாக இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்று கெஞ்சினார். அட்டையிலுள்ள பெயரையும் நம்பரையும் மறுபடி பார்த்து உறுதி செய்யப்பட்டது.’

11.02. ‘மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.’

இழுப்பறையை இழுத்த வேகத்தில் அது கழன்று அவன் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. போனில் அம்மா பதினான்கு முறை கூப்பிட்டிருந்தாள். கடைசி அழைப்பு 10.56.

அவன் விரல் அவள் பெயரைத் தொடும் முன்பே போன் ஒளிர்ந்தது. அப்பா.

“டேய், டாக்டர் இன்னிக்கே வீட்டுக்குப் போலாம்னுட்டாரு. சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடந்த போன உசுப்பி, உங்கம்மாகிட்ட சொல்லலாம்னு அரை மணி நேரமா அடிக்கிறேன், எடுக்கவே இல்ல. பாவம், மூணு நாள் முழிச்சவ, அசந்து தூங்குறா போல. நீ வேற போன் போட்டு எழுப்பிடாத.”