கெண்டைக்கு என்று கேட்ட மாவு

"அண்ணே, வண்டு பிடிச்ச மக்காச்சோள மாவு இருக்கா? தூண்டில் உருண்டைக்கு," என்றான் லெபோனா.

தென்னாப்பிரிக்காவின் வால் நதிக்கரையில் கடை வைத்திருக்கும் மொகெலே சிரித்தார். "விக்க முடியாததெல்லாம் உனக்குத்தான். நாலு வாரமா சும்மா வாங்கிட்டுப் போறே. ஒரு கெண்டையாவது கண்ணுல காட்டினியா?"

"இந்த வருஷத்துக் கெண்டைங்களுக்குப் படிப்பு ஜாஸ்தி அண்ணே. மாவைத் தின்னுட்டு முள்ளைத் திருப்பிக் குடுத்துடுதுங்க."

"வெறும் மாவைப் போட்டா அப்படித்தான்." உள்ளே போன மொகெலே திரும்பியபோது மாவுப் பை பிசுபிசுத்தது. "சோம்பு எண்ணெய், பூண்டு, ஒரு மாசம் வெயில்ல ஊறின மீன் குடல். என் தம்பிக்குக்கூடச் சொல்லாத சேர்மானம். நானே கலந்துட்டேன், எடுத்துட்டுப் போ."

லெபோனா எதையோ சொல்ல வாயைத் திறந்தான். "ரொம்ப நன்றி அண்ணே" மட்டும்தான் வந்தது.

வீட்டில் அவன் மனைவி புலெங் களி கிண்ட உலை வைத்திருந்தாள். மூன்று பிள்ளைகளும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பையைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதை எப்படிய்யா பிள்ளைங்க திங்கும்? நமக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வேலை போனதையே இன்னும் அவர்கிட்ட சொல்லல."

அவள் உலையை இறக்கப் போனாள். "கொதிக்கட்டும்," என்றான் லெபோனா.

பக்கத்து வீட்டுக்குப் போய்த் தூண்டில் இரவல் கேட்டான். அப்படியே, அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் கேட்டுக்கொண்டான்.