மூன்று மாதமாக உள்ளே வராதவர்கள்

சலபதி திரையில் அந்தப் பொத்தானைக் காட்டினார். நீல நிறம், புளியங்கொட்டை அளவு.

அதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல் ஒரு நிற்பு.

வருஷத்துக்கு மூன்று தடவை கம்பெனி மென்பொருளின் புதுப் பதிப்பு வரும். ஒவ்வொரு தடவையும் அட்மின்களின் வேலை பாதியாகக் குறையும் என்று சொல்லிக்கொண்டுதான் வரும். ஹைமவதி பத்து வருஷமாக அட்மின். அந்தப் பேச்சை நம்பினால் அவளுக்கு இந்நேரம் வேலையே மிஞ்சியிருக்கக் கூடாது. புதுப் பதிப்பு வந்து எதைக் கெடுத்தது என்று தேடுகிற வேலைதான் கூடியிருந்தது.

என்னென்ன மாறப்போகிறது என்று மாதக்கணக்கில் முன்னாலேயே வரும் பதிப்புக் குறிப்பில் சலபதி முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. முதல் பக்கத்தில் படம் இருக்கும்.

பாலாநகரில் போர்வெல் மோட்டார் விற்கிற கம்பெனி அது. எந்த ஊரில் எந்த விவசாயி எந்த மோட்டார் வாங்கினார், எது ரிப்பேர், யார் போய்ப் பார்க்க வேண்டும், எல்லாம் அந்த மென்பொருளுக்குள்தான் இருந்தது. அதைக் கட்டிக் காப்பது ஹைமவதியும் ஷாஹீனும். அவர்களுக்கு மேலே சலபதி. மேலே என்றால் நாற்காலியில் மட்டும்.

இன்றைக்கு எம்.டி. ரத்னமாலா மேடமே வந்து உட்கார்ந்திருந்தார். அதனால் டீயோடு உஸ்மானியா பிஸ்கட்டும் வந்திருந்தது.

ஷாஹீன் கடைசி நாற்காலியில் இருந்தாள். பிஸ்கட்டைத் தொடவில்லை. இந்தக் கூட்டம் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். கைக்குழந்தையையும் வேலையில்லாத புருஷனையும் வைத்துக்கொண்டு இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று காலையில் கழிவறையில் நின்று அழுதுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மூன்று மாதமாக மென்பொருளுக்குள் வராதவர்களின் கணக்குகளை மொத்தமாக முடக்குவதற்குத்தான் அந்தப் பொத்தான். இதுவரை ஷாஹீன்தான் ஒவ்வொரு பெயராகத் தேடி, ஆளுக்கு ஆள் போன் போட்டு விசாரித்து முடக்குவாள்.

“ரெண்டு நாள் வேலை மேடம். இப்ப ஒரே தட்டு. அப்புறம் எதுக்கு ரெண்டு பேர்?”

சொல்லிவிட்டு ஷாஹீன் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு வேறு. ஆளை வெளியே அனுப்புவதையும் கல்யாண அழைப்பு மாதிரி சிரித்துக்கொண்டு சொல்ல அவரால்தான் முடியும்.

அமுக்குவதற்கு முன் பெயர்களை ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றாள் ஹைமவதி.

“பேரப் பாக்க ஆரம்பிச்சா பழைய கதைதாம்மா. உள்ளயே வராதவனுக்கு இங்க என்ன வேலை?”

அது நியாயம்தான் என்பதுபோல் மேடம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலே போதும், ஹைமவதியின் கணக்கில் திறந்திருந்த திரையில் சலபதி பொத்தானை அமுக்கிவிட்டார்.

திரையில் கலர் காகிதத் துண்டுகள் பறந்தன. வாழ்த்துகள், வேலை முடிந்தது என்றது மென்பொருள். இப்படித் தனக்குத்தானே கைதட்டிக்கொள்வதில் அதுவும் சலபதியும் ஒரே ஜாதி.

மேடம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கரீம்நகரில் எத்தனை மோட்டார் ரிப்பேருக்குக் காத்திருக்கின்றன என்று கேட்டார். ஹைமவதி வழக்கம்போல் மடிக்கணினியை நோக்கிக் கை நீட்டினாள்.

மேடம் அவளை உட்காரச் சொன்னார். எப்போதும் இவளே காட்டுகிறாளே, இன்றைக்குச் சலபதி காரு தன் கணக்கில் போய்த் தானே காட்டட்டும் என்றார்.

சலபதி கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் குனிந்தார்.

“என் பாஸ்வேர்டு என்னம்மா?”

ஹைமவதி காதோடு சொன்னாள். அவர் இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

பெரிய திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: இந்தக் கணக்கு மூன்று மாதமாகப் பயன்படுத்தப்படாததால் முடக்கப்பட்டுள்ளது. உங்கள் அட்மினை அணுகவும்.

ஷாஹீன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

மேடம் அவசரப்படவில்லை. பிஸ்கட்டை டீயில் நனைத்தார், தின்றார், விரலைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பெண்களும் இருக்கட்டும், நீங்கள் மட்டும் சாயங்காலம் என் அறைக்கு வாருங்கள் என்று சலபதியிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

சலபதி ஹைமவதியைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். மேடம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அவர் கேட்க நினைத்தது வெளியே கேட்கக்கூடிய கேள்வியும் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் அவரேதான் பாஸ்வேர்டைக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு தடவை என் பேரில் உள்ளே போய்விட்டு வாம்மா, நான் பார்ப்பதே இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்றார். அதற்கப்புறம் அதை மறந்தே போனார். ஹைமவதி மறக்கவில்லை. திங்கட்கிழமை தவறாமல் அவர் பெயரில் உள்ளே போய், இரண்டு பக்கம் திறந்து பார்த்துவிட்டு வெளியே வருவாள். அப்புறம்தான் டீ.

நாலு மாதத்துக்கு முன், பிரசவ விடுப்பு முடிந்து ஷாஹீன் திரும்பி வந்த அன்று சலபதி அவளிடம், நீ இல்லாமலே எல்லாம் ஓடியதே, பார்த்தாயா என்றார். அத்தனை நாளும் இரண்டு பேர் வேலையை ஓட்டிய ஹைமவதி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

வரப்போகும் பதிப்பின் குறிப்பு அந்த வாரம்தான் வந்திருந்தது. நீலப் பொத்தானின் படத்தைத் தாண்டிக் கடைசிப் பக்கம் வரை அவள் படித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் நேராக டீ குடிக்கப் போய்விட்டாள்.