புளி போட்டுத் தேய்த்த காசு

இதை எனக்கு முதலில் சொன்னவள் வான்மதி. தொண்ணூற்றொன்பது கார்த்திகையில், கோயில் சமையலறையில் நாங்கள் இருவரும் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது. அவள் மாமியார் வசந்தாமணியைப் பற்றிய விஷயம் இது.

"அம்மா! இதையுமா தேய்ச்சீங்க?"

நியூயார்க் பக்கம் பார்சிப்பனியில், வீட்டுச் சாமி அலமாரி முன்னால் நின்று கத்தினான் வசந்தாமணியின் மகன் சபரி. ஆபீஸ் பை இன்னும் தோளில்தான் இருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை கண்ணு. விளக்கு, மணி எல்லாம் புளி போட்டுத் தேய்ச்சேன். இதுவும் கூட இருந்துச்சு. பச்சையாக் களிம்பு புடிச்சு, பாக்கவே சகிக்கல."

"அது ஆயிரத்து முந்நூறு வருஷக் களிம்பும்மா!"

"அத்தனை வருஷமா ஒருத்தரும் தேய்க்கலையா?"

சபரி சோபாவில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

காசு பக்கத்து வீட்டு சலீமுடையது. சிரியாவில் ஹிம்ஸ் என்ற ஊர்க்காரர். இங்கே தனியாகத்தான் இருந்தார். வசந்தாமணி அவருக்கு ரசம் கொடுத்தனுப்புவாள். அரைகுறை இங்கிலீஷும் கைஜாடையுமாக இருவரும் எல்லாமே பேசிக்கொள்வார்கள்.

பைபாஸ் ஆபரேஷனுக்குப் போகுமுன் அந்தக் காசோடு வந்தார்.

"ஹாஸ்பிடல்ல தொலைஞ்சிடும், சிஸ்டர். உங்க சாமிகிட்ட இருக்கட்டும்."

சட்டைப் பையிலிருந்து லென்ஸ் எடுத்துக் காட்டினார்.

"இந்தப் பக்கம் ஹிம்ஸ்னு போட்டிருக்கு. அந்தப் பக்கம் 'நல்லது'ன்னு ஒரு வார்த்தை. எங்க ஊர்லயே அடிச்ச வெண்கலக் காசு. ஊரை விட்டு வரும்போது எங்க அப்பா கையில கொடுத்தது இது ஒண்ணுதான்."

வசந்தாமணிக்குப் புழு ஊர்ந்த கோடுதான் தெரிந்தது. இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வைத்தாள்.

இப்போது அது புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

களிம்பு போனால் பழங்காசுக்கு மதிப்பே போய்விடும் என்று சபரி விவரம் சொன்னபிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'முருகா, அந்த மனுஷனுக்கு ஊர்னு இருந்தது இது ஒண்ணு. அதையும் நான் கெடுத்துப்போட்டனே. அவர் உசுரோட வரட்டும். எத்தனை திட்டினாலும் வாங்கிக்கறேன்' என்று தினமும் வேண்டினாள்.

பதினைந்து நாள் கழித்துக் கைத்தடியோடு வந்தார் சலீம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வசந்தாமணி காசைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"அங்கிள், சாரி. அம்மா தெரியாம கிளீன் பண்ணிட்டாங்க," என்றான் சபரி.

சலீம் காசை எடுத்தார். புரட்டினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி புரட்டினார். ரொம்ப நேரம் திரும்பவே இல்லை.

"ஏனுங்கண்ணா, கெட்டுப்போச்சுங்களா?"

"சிஸ்டர், இத்தனை வருஷம் லென்ஸ் வச்சுத்தான் படிச்சேன். இப்ப சும்மாவே தெரியுது. இதோ, ஹிம்ஸ். இதோ, நல்லது."

வசந்தாமணி மகன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டியா? நெல்லிக்காய் அளவு புளி. அவ்வளவுதான்."

அடுத்த மாதம் சலீம் மேற்குக் கரையில் சன்னிவேலில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். காசைக் கொண்டுபோகவில்லை.

"சாமிகிட்ட இருந்து பழகிடுச்சு. இங்கேயே இருக்கட்டும்," என்றாராம்.

அன்றிலிருந்து வசந்தாமணியைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் காசை எடுத்து, "இது ஹிம்ஸ், இது நல்லது," என்று விரல் வைத்துக் காட்டுகிறாள். தமிழ்ச் சங்கப் பொங்கலில், "பழைய காசு இருந்தாக் கொண்டாங்க, எழுத்தை வெளியே கொண்டாந்து தர்றேன்," என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் சபரி அம்மாவுக்குத் தெரியாமல் அந்தக் காசை நியூயார்க்கில் பழங்காசு பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனான். அவர் பெரிய லென்ஸில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு எழுத்துகூட இல்லை. எழுத்தெல்லாம் களிம்போட களிம்பா இருந்திருக்கும். யாரோ நல்லாத் தேய்ச்சு எடுத்திட்டாங்க."

சபரி வீட்டுக்கு வந்து காசை அலமாரியில் வைத்தான். அம்மா பார்த்துவிட்டாள்.

"எங்க கண்ணு கொண்டுபோனே?"

"ஒருத்தர்கிட்ட காட்டினேம்மா. ஹிம்ஸ்தானாம்."

நீங்கள் பார்சிப்பனி பக்கம் போனால் வசந்தாமணி உங்களுக்கும் அந்தக் காசைக் காட்டுவாள். வாங்கிப் பாருங்கள். லென்ஸ் மட்டும் கேட்காதீர்கள்.