ரேசுக்குப் போகாத ஈஸ்டர்

"ஏங்க, இன்னைக்கு தாம்சன் ரோட்டுல மோட்டார் சைக்கிள் ரேசாச்சே, கிளம்பலையா?" என்றாள் அல்போன்சம்மாள்.

கணவன் பாக்கியநாதன் அவள் முகத்தையே பார்த்தான். "அதுல இப்பல்லாம் ஒரு சத்தமுமில்ல, சுவாரசியமுமில்ல. உன்கூட கோயிலுக்கே வரேன்."

வருஷா வருஷம் ஈஸ்டர் பூசையை விட்டுவிட்டு ரேசுக்கு ஓடிய மனுஷன்! மாதாவிடம் ஒன்பது நாள் வேண்டிய நவநாள் ஜெபம் பலித்ததென்று பூரித்தாள். கொஞ்ச நாளாய் அவள் பேசும்போதெல்லாம் கண்ணெடுக்காமல் பார்க்கிறானே, அந்த அன்பும் மாதா கொடுத்ததுதான்.

பூசையில் மணி அடித்ததும் எல்லாரும் முழங்காலிட்டார்கள். கண்மூடி ஜெபித்த பாக்கியநாதன் மட்டும் நின்றுகொண்டே இருந்தான்.

"ஏங்க, மணி அடிச்சிடுச்சு!" சற்று உரக்கவே சொன்னாள். அவன் அசையவில்லை.

சட்டையைப் பிடித்து இழுத்தாள். திடுக்கிட்டுக் கண் திறந்தவன், அவசரமாகத் தேடியது அவள் உதடுகளைத்தான்.