தொடாத காப்பி

"காப்பி எடுத்துக்குங்க, ஷேக்" என்றார் நாயிஃப்.

ஷேக் மிஃப்லிஹ் கோப்பையை வாங்கித் தன் முன்னால் தரையில் வைத்தார். அவரோடு வந்து கூடம் நிறைய உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்படியே வைத்தார்கள்.

நாயிஃபுக்கு அந்த வழக்கம் தெரியும். கேட்க வந்தது கிடைக்காமல் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். தொடாமல் எழுந்து போய்விட்டால், இந்த வீட்டுக்குத் தீராத அவமானம்.

மகன் ரகான் கார் மோதிச் செத்து இன்னும் துக்கம்கூட ஆறவில்லை. கார் ஷேக்குடையது. அவருடைய டிரைவர் சுஹைப் அன்றைக்கே போலீசில் சரணடைந்துவிட்டான். இன்று மன்னிப்புக் கேட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள் என்றதும் மனைவி நவால் எச்சரித்தாள்.

"ஜோர்டான் முழுக்க அந்த ஷேக்கோட பேச்சுக்குப் பேர். வாயத் திறந்தா கல்லும் கரையும். நீங்க கரைஞ்சிடாதீங்க!"

நாயிஃப் ஏன் கரையப் போகிறார்? பள்ளிக்கூடத்தில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுக்கிறவர். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் கூட்டம் அழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"ரகானோட வாப்பா!" என்று தொடங்கினார் ஷேக். போன பிள்ளையின் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார். முதல் அடியே நெஞ்சில்தான்.

"பசின்னு வந்தவன், பயந்து வந்தவன், பகையாளி... யாரையாவது உங்க வாசல் வெறுங்கையோட அனுப்பியிருக்கா?"

பதில் வேண்டாத கேள்வி. மூன்று அடுக்கு. வகுப்பில் நாயிஃப் கரும்பலகையில் எழுதிப்போடுவதுதான். இருந்தும் உள்ளுக்குள் ஏதோ அசைந்தது.

"ஷேக், அந்த சுஹைப்..." என்று வாயெடுத்தார்.

"பேர் எதுக்குங்க? பேரக் கேட்டுட்டுத்தான் ஆண்டவன் மன்னிக்கிறானா? ஓட்டினவன் யாரா இருந்தாலும் அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளை. கண்ண மூடினா உங்க மகன் முகம். ரொட்டியப் பிட்டா தொண்டையில இறங்கல. தெனமும் செத்துக்கிட்டிருக்கான்..."

குரல் தாழ்ந்தது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். நாயிஃபின் சொந்தத் தம்பியே கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். 'இன்னும் என்ன?' என்பதுபோல.

உள்ளறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நவால் நிற்கிறாள். இந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஷேக்கும் இப்போது பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த மௌனமும் ஒரு தந்திரம் என்று தெரிந்தும் நாயிஃபுக்கு அதில் மூச்சுமுட்டியது.

"ஆண்டவனுக்காக... உங்க முகத்துக்காக... ஓட்டினவன மன்னிச்சிட்டேன். வழக்கில்ல, பழியில்ல. இவங்க அத்தன பேரும் சாட்சி. காப்பியக் குடிங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கேவல் எழுந்து அடங்கியது.

ஷேக் கோப்பையை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்தார்.

"சுஹைப விடச் சொல்லுங்க. வண்டிய ஓட்டினது நான்."